பொட்டாஷ் துளைக்குப் போகிற தம்பிகளுக்கு

குமரி மாவட்டத்தில் கிணற்றுக்கு போர் போட்டுப் பழகிய கை ராஜஸ்தான் ரிக்குக்குப் போனால், முதலில் மறக்க வேண்டியது நல்ல தண்ணீரை. நாகௌர்–கங்காநகர் படுகையில் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உப்பு, கல்லுப்புப் படலங்களோடு பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நல்ல தண்ணீர் விட்டால் துளை அகலும், கோர் (துளையிலிருந்து எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு) கரையும்.

ஆகவே உப்பைத் தொடுமுன் கேசிங் குழாய் இறக்கி, சிமென்ட் போட்டு மேல் ஊற்றை அடைத்துவிடுங்கள். அப்புறம், இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பு கரைத்த சேற்றுநீரை விட்டுத் துளையிடுங்கள். சாதா உப்பு மட்டும் போதாது, சில்வைட்டை (பொட்டாசியம் குளோரைடு கனிமம்) அது அப்போதும் அரிக்கும். பொட்டாசியம் குளோரைடும் சேருங்கள். கார்னலைட் (பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த உப்புக் கனிமம்) வந்தால் மக்னீசியம் குளோரைடும் வேண்டும். செலவுதான், ஆனால் கரைந்த கோரை வைத்து என்ன செய்வது?

கோரைக் கழுவாதீர்கள். துணியால் துடைத்து, ஆழம் எழுதி, உடனே பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். கார்னலைட் மழைக்காலக் கருப்பட்டி மாதிரி பெட்டியிலேயே இளகிவிடும்.

துளைக்குள் கதிர்வீச்சை அளக்கும் காமா கருவியில் அளவு ஏறினால் துள்ள வேண்டாம். பொட்டாசியத்துக்கும் ஏறும், களிப்பாறைக்கும் ஏறும். மணவாளக்குறிச்சி மணலில் தோரியத்துக்கு ஏறுவது நமக்குத் தெரிந்ததுதானே. கோரின் ஆய்வக முடிவோடு ஒப்பிட்ட பிறகே பொட்டாஷ் அடுக்கு என்று எழுதுங்கள்.

வேலை முடிந்தால் துளையை சிமென்டால் அடைத்துவிட்டே ரிக்கை நகர்த்துங்கள். அந்த சிமென்டையும் உப்புநீரில்தான் குழைக்க வேண்டும்.