செட் விழுந்தால் பதுங்காதீர்கள்

போக்கரில் செட் மாதிரி (கையில் ஜோடி, நடுவில் விரிக்கும் சீட்டிலும் அதே எண் ஒன்று) நல்ல கை வந்ததும் பலர் முதலில் செய்வது, சத்தமில்லாமல் செக் சொல்லி, அதாவது பணம் போடாமல், பதுங்குவதுதான். நேரில் ஆடும் போக்கரில், அதிலும் கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் நடக்கும் சின்ன மேசைகளில், இப்படிப் பதுங்கினால் வரவேண்டிய பணம் பாதி வராது. நாலு நாள் லீவு போட்டு வந்தவருக்கு சீட்டை மடக்கி மடக்கி வைக்க மனசு வராது, கால் செய்துகொண்டேதான் இருப்பார், அதாவது எதிராளி போட்ட தொகைக்குச் சமமாகப் போட்டுக்கொண்டே. அவரிடம் பெட் போடாமல் வேறு யாரிடம் போடுவது?

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். 100/200 மேசை (இரண்டு பேர் கட்டாயமாக முதலில் வைக்கும் பிளைண்டு தொகைகள்), எல்லோரிடமும் 20,000. ஒருவர் 800-க்கு ஏற்றி ரெய்ஸ், இரண்டு பேர் கால், பட்டனில் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) இருக்கும் உங்களிடம் டைமன் ஏழும் கிளாவர் ஏழும், நீங்களும் கால். பிளைண்டு இரண்டு பேரும் விலக, நடுவில் சேர்ந்த பணமான பாட் 3,500. ஃபிளாப், அதாவது நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு: ஹார்ட்டின் கிங், ஸ்பேட் ஏழு, ஹார்ட்டின் நாலு. ஜோடி வைத்திருந்தால் ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான் ஃபிளாப்பில் செட் விழும். மூவரும் செக் செய்துவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஃபிளாப்புக்குப் பிறகு டர்ன், ரிவர் என்று இன்னும் இரண்டு பொதுச் சீட்டு வரும். கையில் மீதி 19,200, அது முழுக்க ரிவருக்குள் நடுவில் போகவேண்டும். ஃபிளாப்பில் 2,500 போட்டு ஒருவர் கால் செய்தால் பாட் 8,500. டர்னில் 5,500, பாட் 19,500. ரிவரில் மிச்சம் 11,200, பாதி பாட்டுக்குக் கொஞ்சம் மேல். கிங்-ராணி வைத்திருப்பவர் முனகிக்கொண்டே கொடுத்துவிடுகிற தொகை. அதே கையில் ஃபிளாப்பைச் சும்மா விட்டு, டர்னில் 3,000, ரிவரில் 7,000 என்று போனால் உங்கள் சிப்பில் 9,200 அப்படியே நிற்கும். எதிராளியிடமும் நிற்கும், அதுதான் வலி.

இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவரையும் மறக்கக்கூடாது. அடுத்த சீட்டில் அவருக்கு ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) விழ வாய்ப்பு சுமார் 19 சதவீதம். நீங்கள் 2,500 போட்டால், 6,000-ஐப் பிடிக்க 2,500 கொடுக்கிறார், அந்த விலைக்கு ஜெயிக்கும் வாய்ப்பு 29 சதவீதமாவது வேண்டும். செக் செய்தால் அதே சீட்டை இனாமாகக் கொடுக்கிறீர்கள். ஒருவேளை டர்னில் ஃபிளஷ் விழுந்துவிட்டாலும் பதறவேண்டாம், ரிவரில் ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸோ (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) நாலு ஏழோ ஆக்கப் பத்து சீட்டு இருக்கிறது, ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்.

சரி, பதுங்கவே கூடாதா? பதுங்கலாம், ஒரு இடத்தில். உங்களிடம் கிங் ஜோடி, ஃபிளாப்பில் கிங், எட்டு, மூணு மூன்றும் வேறு வேறு ஜாதி. மூன்று கிங் உங்களிடமே இருக்க, எதிராளிக்கு எதை வைத்துக் கால் செய்வது? அங்கே ஒரு செக் கொடுத்து அவருக்கு ஏதாவது விழட்டும் என்று விடலாம். அப்புறம், விடாமல் பெட் போட்டுத் துரத்துகிறவர் எதிரில் இருந்தால் அவர் கையாலேயே பாட்டை வளரவிடுவதும் நல்லது.

மேசைப் பழக்கம் இரண்டு. ஃபிளாப் விரியும்போது சீட்டைப் பார்க்காமல் மற்றவர் முகத்தைப் பாருங்கள். செட் விழுந்த நொடியில் கண் தானாகச் சிப் பக்கம் ஓடும், அதைக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெய்ஸ் செய்வதானால் முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இரண்டு தடவையாகச் சிப்பை எடுத்து வைத்தால் டீலர் அதை வெறும் காலாக்கிவிடுவார், பாட்டை வளர்க்க இருந்த வாய்ப்பு போயே போச்சு.

இத்தனைக்கும் ஒரு விலக்கு. மூணு மணி நேரமாகக் கால் மட்டுமே செய்துகொண்டிருந்த மனிதர், மூணாவது ஹார்ட்டின் விழுந்த ரிவரில் திடீரென்று பெரிய ரெய்ஸ் வைத்தால் செட்டையும் மடக்குங்கள். நான் அப்படி இரண்டு தடவை காசு கொடுத்துப் பார்த்தேன், இரண்டு தடவையும் ஃபிளஷ்தான்.