வாய்ப்புண் வந்த பிள்ளையைக் குடிக்க வைப்பது எப்படி

வாயில் புண் வந்த சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் புண்ணால் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. நோவுக்குப் பயந்து குடிக்காமல் விட்டு, உடம்பு வறண்டுதான் படுக்கிறார்கள். வன்னியின் சித்திரை, வைகாசி வெயிலில் அந்த வறட்சி ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். புண் தன்பாட்டில் மாறும். அது மாறும்வரை நோவைக் குறைத்து, தண்ணீரை உள்ளே இறக்குவதுதான் வீட்டிலுள்ளவர்களின் வேலை.

முதலில் ரோச் அடித்து வாயைப் பாருங்கள். காய்ச்சல் இல்லை, சொண்டின் உட்பக்கத்திலோ கன்னத்திலோ ஒன்றிரண்டு புண், நடு வெளிறி ஓரம் சிவந்திருக்கிறது என்றால் அது சாதாரண வாய்ப்புண். 7 முதல் 14 நாளில் ஆறும். காய்ச்சலோடு முரசு வீங்கிச் சிவந்து இரத்தம் கசிந்து, வீணி கொட்டி, வாய் நாறினால் அது பெரும்பாலும் ஹேர்பீஸ் வைரசின் முதல் தொற்று. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில்தான் அதிகம் வரும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் புண் தொடங்கி 3 நாளுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதனால் இந்த வகை என்றால் தானாக மாறட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்கால், குண்டிப் பக்கமும் கொப்புளம் இருந்தால் அது கை கால் வாய் நோய். மாடு வளர்க்கும் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டதும் பட்டியில் பரவும் கால் வாய் நோய்தான் பிள்ளைக்கும் தொற்றிவிட்டது என்று நினைப்பதுண்டு. இரண்டும் வேறு வேறு வைரஸ். மாட்டிடமிருந்து இது வருவதில்லை, முன்பள்ளியிலிருந்து வரும்.

காய்ச்சல் ஏதுமில்லாமல், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கத்தி, வாயில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தால் ஆச்சியின் வெற்றிலைத் தட்டைப் பாருங்கள். சுண்ணாம்பு வாயைச் சுட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்து, வாயைத் தண்ணீரால் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

நோவுக்கு பரசிட்டமோல் சிரப் போதும். அளவை வயதை வைத்து எடுக்காமல் நிறையை வைத்து எடுங்கள்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர், 12 கிலோவுக்கு 7.5, 16 கிலோவுக்கு 10. கடையில் 250 மில்லிகிராம் சிரப்பும் உண்டு. போத்தலை மாற்றி எடுத்து அதே அளவை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். கடைசியாக நிறுத்த நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் கொடுத்தால் விழுங்கும் நேரத்தில் நோ குறைந்திருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

காய்ச்சல் இருந்தால் இபுபுரோபன் வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரையான மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். அதில் இபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். மரக்கச் செய்யும் ஜெல்களை 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பூச வேண்டாம். வெங்காரத்தைத் தேனில் குழைத்துப் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு, ஒரு வயதுக்கு முன் தேனும் ஆகாது. வைரஸ் புண்ணுக்கு அன்ரிபயோட்டிக்கோ பி கொம்ப்ளெக்ஸோ ஒன்றும் செய்யாது.

இனிக் குடிப்பாட்டல். 10 கிலோப் பிள்ளைக்கு நாளுக்கு ஏறத்தாழ 1 லீற்றர், 15 கிலோவுக்கு 1¼ லீற்றர் வேண்டும். கோப்பையை நீட்டினால் வாயை மூடிக்கொள்ளும். பாமசியில் ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்கி, கன்னத்தின் உட்பக்கமாக, புண்ணில் படாமல், 2 நிமிடத்துக்கு ஒன்றாக விடுங்கள். மணித்தியாலத்துக்கு 150 மில்லிலீற்றர் இறங்கிவிடும். தலையைப் பின்னால் சரித்து ஊற்றினால் புரைக்கேறும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வையுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தக் கூடாது. உறிஞ்ச நோகுதென்றால் கறந்து கரண்டியால் கொடுக்கலாம்.

எதுவும் ஆறியதாக, முடிந்தால் குளிராக இருக்கட்டும். ஜீவனி (உடம்பு வறளாமல் குடிக்கக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) ஒரு பக்கற்றைக் கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பக்கற்றைக் கண்ணளவில் கரைத்தால் உப்பு கூடும் அல்லது குறையும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை வெளியே கொட்டிவிடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் கரைத்த ஜீவனியையே ஐஸ் கட்டியாக உறைய வைத்துச் சுரண்டிக் கொடுக்கலாம். யோகட், குளிர்ந்த சவ்வரிசிக் கஞ்சி, மசித்த வாழைப்பழம், காலத்தில் கிடைத்தால் மசித்த இளநுங்கு எல்லாம் வழுக்கிப் போகும். தோடம்பழச் சாறு, தேசிக்காய், தக்காளி, புளி, தூள் போட்ட கறி, சூடான தேத்தண்ணி, மிக்சர் எல்லாம் எரியும். இரண்டு மூன்று நாள் சோறு குறைந்தால் பரவாயில்லை. தண்ணீர் குறையக் கூடாது.

உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது துப்பத் தெரிந்த பிள்ளைக்குத்தான்: ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு.

பிள்ளை தொட்ட கோப்பையைத் தனியாக வையுங்கள், கைக்குழந்தையைக் கொஞ்ச விடாதீர்கள். கை கால் வாய் நோயில் வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். பம்பர்ஸ் மாற்றியதும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். கையில் பூசும் ஸ்பிரிட் திரவம் அதற்குப் போதாது.

8 மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, அழும்போது கண்ணீர் இல்லை, கண் குழிந்துவிட்டது, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுகிறது, கழுத்து விறைக்கிறது, தூக்கத்தில் திரும்பத் திரும்பத் திடுக்கிட்டு உதறுகிறது, மூச்சு வாங்குகிறது: இவற்றில் ஒன்று போதும், புறப்பட. கண்ணருகே கொப்புளம் வந்தாலும் காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலும் காட்டுங்கள். புண் 2 வாரத்தில் ஆறாவிட்டாலோ அடிக்கடி வந்தாலோ இரும்புச்சத்துக் குறைவு உண்டா என்று இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

உள்ளூரிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ போக நேரம் எடுக்கும். அதனால் விடியட்டும் என்று பார்த்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளை முழிப்பாக இருந்தால் வண்டியிலும் சிரிஞ்சை நிறுத்த வேண்டாம். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் விடாமல் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.