ஒன்டாரியோவில் கிச்சன், பாத்ரூம் டிசைன் வேலைக்கு வருகிறீர்களா? சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

மாடுலர் கிச்சன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், இன்டீரியர் டிப்ளமோ முடித்தவர்கள், ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு உள்வேலையில் இறங்கியவர்கள் என்று நம் ஆட்கள் பலர் டொராண்டோ பக்கம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த சர்டிபிகேட் வாங்கினால் வேலை கிடைக்கும்? அந்தக் கேள்விக்குத் தப்பான ஆளிடம் பதில் கேட்டு என் தோழி தன் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தாள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முதலில் பெயர் விஷயம். ஊரில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளத்தான் 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று யாரும் போர்டு மாட்டலாம். ஒன்டாரியோவில் அது நடக்காது. இங்குள்ள இன்டீரியர் டிசைனர்களின் சங்கமான அரிடோவில் பதிவு பெற்றவர்கள்தான் அந்தப் பெயரைப் போட முடியும். அதற்கு இன்டீரியர் டிசைனர்களுக்கான என்சிஐடிக்யூ தேர்வு எழுத வேண்டும். அதுவரை விசிட்டிங் கார்டில் கிச்சன் டிசைனர் என்று மட்டும் போடுங்கள்.

அடுத்து, எல்லோரும் சொல்லும் சர்டிபிகேட்கள். என்கேபிஏ என்பது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவான கிச்சன், பாத்ரூம் சங்கம். ஏகேபிடி, சிகேபிடி, சிஎம்கேபிடி என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். படித்த மணிநேரம், வேலை அனுபவம், தேர்வு எல்லாம் சேர்த்துத்தான் தருவார்கள். நல்ல படிப்பு. ஒருவர் சமைக்கும் அடுப்படியில் வேலை செய்யும் இடைவெளி 42 அங்குலம், இரண்டு பேர் சமைத்தால் 48 அங்குலம், சிங்கின் ஒரு பக்கம் 24, மறு பக்கம் 18 அங்குலம் மேடை என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஷோரூமில் வேலை தேடுபவர்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கும்.

கேப்ஸ் என்பது வயதானவர்கள் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து வாழும்படி வீட்டை மாற்றுவதற்கான படிப்பு. அமெரிக்க வீடு கட்டுவோர் சங்கமான என்ஏஎச்பி, முதியோர் அமைப்பான ஏஏஆர்பியுடன் சேர்ந்து உருவாக்கியது. மூன்று வகுப்புகள். முடித்த பிறகும் சந்தா கட்டி, தொடர்ந்து படித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்கேபிஏ, கேப்ஸ் இரண்டுமே சங்கங்கள் தரும் தகுதிகள். அரசாங்கம் தரும் அனுமதி அல்ல. என் தோழி விழுந்தது இங்கேதான்.

அவள் கோயம்புத்தூரில் ஒரு ஷோரூமின் டிசைன் பிரிவையே நடத்தியவள். இங்கே ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில், "இந்த வகுப்பை முடியுங்கள், முதியோர் வீடுகளுக்கு நீங்களே வரைந்து நீங்களே பெர்மிட் வாங்கலாம்" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பணத்தைக் கட்டினாள், முடித்தாள், சர்டிபிகேட்டும் வந்தது.

முதல் வேலை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பாத் டப்பின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க முடியவில்லை. டப்பை எடுத்துவிட்டு, பக்கத்தில் துணி அடுக்கும் அலமாரியின் சுவரைத் தள்ளி, வடிகாலை இடம் மாற்றி, வாசலில் தடுப்பே இல்லாத ஷவராக வரைந்தாள். வரைபடத்தை நான் பார்த்தேன், அருமையான வேலை. வீட்டை மாற்றிக் கட்ட நகராட்சியிடம் வாங்கும் அனுமதிதான் பெர்மிட். அதன் விண்ணப்பத்தோடு டிசைனர் விவரம் கேட்கும் ஷெட்யூல் 1 என்ற படிவம் இருக்கிறது. அதில் பிசிஐஎன் என்ற அரசு அடையாள எண்ணுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவள் தன் சர்டிபிகேட் எண்ணை எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்குள் கான்ட்ராக்டர் அவசரப்பட்டு டப்பைப் பெயர்த்துப் போட்டுவிட்டார். அம்மம்மாவைக் குளிக்க வைக்க மகள் வீட்டுக்குக் காரில் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. "எப்ப பிள்ளை முடியும்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் இவளுக்குப் பதில் இல்லை. கடைசியில் பிசிஐஎன் உள்ள ஒருவர் வந்து, மறுபடி அளவெடுத்து, தன் பொறுப்பில் வரைந்து கையெழுத்துப் போட்டார். அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்ட மனம் வராமல் இவளே கொடுத்தாள். பயிற்சி நிலையத்தில் கேட்டதற்கு, "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார்கள்.

இந்த பிசிஐஎன் எண்ணைத் தருவது மாகாண அரசு. அடுத்தவர் வீட்டுக்கு பெர்மிட் வரைபடம் தயாரிப்பவர் கட்டட விதித் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். நம் மாதிரி ஆட்களுக்கு முக்கியமானவை சட்டம் பற்றிய தேர்வும் வீடு பற்றிய தேர்வும். கனடாவில் வாங்கிய பட்டம் தேவையில்லை. ஒன்டாரியோ கட்டட விதியை உட்கார்ந்து படிக்கும் பொறுமைதான் தேவை. ஆனால் சொந்தமாகத் தொழில் செய்ய நிறுவனத்தையும் பதிவு செய்து காப்பீடு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இப்படிப் பதிவுள்ள நிறுவனம் ஒன்றில் சேர்ந்து வேலை பார்ப்பதே நல்லது. வடிகாலைத் தொடாமல் கேபினட் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு பெர்மிட் கேட்பதில்லை. சுவரைத் தள்ளினால், குழாயை இடம் மாற்றினால் கேட்பார்கள்.

"வீட்டுக்காரரே வரைந்ததாகக் கையெழுத்து வாங்கிவிடு" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். சொந்த வீட்டுக்கு அவர் வரையலாம் என்பது உண்மைதான். உங்கள் வரைபடத்துக்கு அவரைக் கையெழுத்துப் போட வைத்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு அவர் தலையில் விழும். நம்மை நம்பி வந்த குடும்பத்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

இந்தத் துறையில் நமக்குத் தாழ்வு மனப்பான்மை வேண்டவே வேண்டாம். தரை முழுக்கச் சரிவு கொடுத்து, வாசலில் தடுப்பில்லாமல், உட்கார்ந்து குளிக்க இடம் விட்ட பாத்ரூமைத்தான் இங்கே வெட் ரூம் என்று விலை உயர்த்தி விற்கிறார்கள். திருச்சியில் என் அம்மா இன்றைக்கும் அப்படிப்பட்ட குளியலறையில் முக்காலி போட்டுத்தான் குளிக்கிறார். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் வளர்ந்த நமக்கு இரவில் அவர்கள் எதைப் பிடித்து எழுந்திருப்பார்கள் என்று தெரியும். தாளிக்கிற புகையை வெளியே தள்ளாத ஹூட் எதற்கும் உதவாது என்பதும் தெரியும்.

சுவர் மட்டும் நமக்குப் புதிது. அங்கே செங்கல் சுவரில் எங்கே துளை போட்டாலும் கைப்பிடி நிற்கும். இங்கே மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. சட்டங்களுக்கு நடுவே திருகினால் ஆள் சாயும்போது பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே கட்டையோ பிளைவுட்டோ வைத்து மூடிய இடத்தில்தான் கைப்பிடி பொருத்த வேண்டும். புதிய வீடுகளின் முதன்மைக் குளியலறையில் இந்த வலுவூட்டலை ஒன்டாரியோ விதியே கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய வீட்டில் சுவரைத் திறக்கும்போதே வைத்துவிடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பாமல் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. சங்கங்கள் அனுபவத்துக்குச் சான்று கேட்கும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, முழுநேரமா, கிச்சனா பாத்ரூமா என்று லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். செய்த வேலைகளின் அளவு போட்ட வரைபடங்களையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். என் தோழியின் பழைய ஷோரூம் இப்போது கை மாறிவிட்டது. அவளுக்குக் கடிதம் கொடுக்க அங்கே தெரிந்த ஆளே இல்லை.