டேட்லைன் மாறும் நாளில் கத்தரிக்கோலை எடுங்கள்

ஓர் ஊர்க்காரர்களின் கோரிக்கை எந்த நாளில் 'நாட்டுக்கு ஆபத்து' ஆனது என்று கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டாம். ஒரு கத்தரிக்கோல், பசை, எண்பது பக்க நோட்டு, சிவப்புப் பென்சில் இருந்தால் போதும். கைப்பேசியில் செய்தி படிப்பவர்கள் அன்றன்றைக்குத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருந்த தலைப்பு மாலையில் இருப்பதில்லை. அச்சுக் காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

நான் பாளையங்கோட்டையில் குடியிருப்பவன். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் 29 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே கற்றுத்தரப் போவது, நானும் என் மேசையும் சேர்ந்து செய்த வேலையைத் தையல் பிரித்துக் காட்டுவதுதான். இந்த விஷயத்தில் என்னை நம்புவதற்கு இதுவே காரணம், நம்பாமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே வெட்டி ஒட்டத் தொடங்குங்கள். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் கிடக்கும் செய்திகள்தான் பின்னால் பொன்னாகும். பெரிதான பிறகு தொடங்கினால், மாறியது எதிலிருந்து என்பது கையில் இருக்காது. என் நோட்டு கூடங்குளம் அணுமின் நிலையப் போராட்டம் பற்றியது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் டேட்லைனை வட்டமிடுங்கள். செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் போடுவோமே, அதுதான். 2011 செப்டம்பரில் என் நோட்டில் இருப்பது எல்லாம் 'இடிந்தகரை', உலைக்குப் பக்கத்துக் கடலோர ஊர். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அதற்குச் சில மாதம் கழித்து இங்கே அணு உலையில் சோதனை ஓட்டம் நடந்தது. நீராவி வெளியேறிய பேரிரைச்சலில் கரையோர ஊர்கள் விழித்துக்கொண்டன. லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். விபத்து நடந்தால் எங்களை எந்த வழியாக, எங்கே கொண்டுபோவீர்கள்? வெந்நீர் கடலில் விழுந்தால் மீன் வருமா? பாதுகாப்பு ஆய்வறிக்கையை ஏன் காட்டமாட்டேன் என்கிறீர்கள்? செப்டம்பர் 22 அன்று மாநில அமைச்சரவையே, மக்களின் அச்சம் நீங்கும் வரை பணிகளை நிறுத்தி வைக்கும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கேள்வி, மறுப்பு, நிபுணர் குழு, ஒத்திவைப்பு. அரசியல் என்றால் இவ்வளவுதான், சலிப்பாகவே இருக்கும்.

2012 பிப்ரவரியில் டேட்லைன் 'புதுதில்லி' ஆனது. அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் திட்டம் சிக்கலில் மாட்டியதற்கு, பெரும்பாலும் அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் சேர்ந்த தன்னார்வ நிறுவனங்களைக் காரணமாகச் சொன்னார். நாங்கள் அதை முதல் பக்கத்தில் போட்டோம். இடிந்தகரையில் என்ன நடந்தது என்று அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. இப்படி ஊரிலிருந்து செய்தி கிளம்பாமல் தலைநகரிலிருந்து ஊரைப் பற்றிச் செய்தி வரும் நாளை நோட்டில் சிவப்பால் குறியுங்கள். கூடவே, யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். முன்பு ஆட்சியர், பங்குத்தந்தை, பொறியாளர். இப்போது காவல் கண்காணிப்பாளர், உள்துறை அமைச்சகம், அப்புறம் 'பெயர் வெளியிட விரும்பாத' அந்த அழியா மனிதர்.

இரண்டாவது வேலை இதைவிட முக்கியம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள்: இன்றைய நிலவரப்படி பதில் சொல்லவேண்டியவர் யார்? என் நோட்டில் 2011 முழுவதும் 'அரசு', 'அணுமின் கழகம்' என்றே வருகிறது. பிப்ரவரிக்குப் பிறகு 'ஊர்க்காரர்கள்' என்று வருகிறது. பணம் எங்கிருந்து வந்தது? பந்தலுக்கு யார் கொடுத்தார்? அந்த வெளிநாட்டவர் எதற்கு வந்தார்? கடல் சூடாகுமா என்று கேட்டவள், தன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியது யார் என்று சொல்லவேண்டியவளாகிவிட்டாள். கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது; கடன்காரர் மட்டும் இடம் மாறிவிட்டார். கோபன்ஹேகனில் ஓலே வேவர் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். 'இது பாதுகாப்புப் பிரச்சினை' என்று சொல்வது நிலைமையை விவரிப்பது அன்று, அதுவே ஒரு செயல். சொன்னவுடன் வழக்கமான விதிகளை ஓரம் வைக்க அனுமதி கேட்டாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். கேட்பவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அந்தச் செயல் பலிக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எங்கள் டெஸ்க்கின் மின்விசிறி நினைவுக்கு வந்தது. முதலில் ஒப்புக்கொண்டவர்கள் அதன் கீழே உட்கார்ந்திருந்த நாங்கள்தான்.

அடுத்து, வினைச்சொல்லைப் பிடியுங்கள். இதற்குத் தமிழ் இலக்கணம் எட்டாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் போதும். 'மீனவர்கள் கேட்டனர்' என்ற வாக்கியத்தில் மீனவர்கள் எழுவாய். 'மீனவர்களைத் தூண்டிவிட்டனர்' என்றதும் அவர்கள் செயப்படுபொருளாகிவிடுகிறார்கள். எழுவாய் இடத்தில் முகம் தெரியாத யாரோ. அந்த 'ஐ' உருபுதான் ஆளின் புத்தியைப் பிடுங்கிக்கொள்கிறது. 'தூண்டுதல்', 'ஊடுருவல்', 'பின்னணி', 'சக்திகள்' இந்த நான்கும் வந்தால் அடிக்கோடிடுங்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்றும் மறுநாளும், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளையொட்டிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் முழுமையாக அச்சேறும் முன்பே 'சமூக விரோதிகள் ஊடுருவினர்' வந்துவிட்டது.

எழுவாய் மாறும்போது பெயரும் மாறும். என் நோட்டில் வரிசையாக இருப்பது: மீனவப் பெண்கள், கிராம மக்கள், போராட்டக்காரர்கள், போராட்டக் கும்பல். கடைசிச் சொல் நான் போட்டது. இரவு பதினொன்றரைக்குப் பக்கம் முடிக்கும் அவசரம், தலைப்பில் எழுத்து இடம் கொள்ளவில்லை, கும்பல் சின்னச் சொல். மறுநாள் ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், போன வாரம் உங்கள் பேப்பரில் என் படம் வந்தது, மீனவப் பெண் என்று போட்டிருந்தீர்கள். அதே சேலையில் நேற்றும் இருந்தேன். எப்போது கும்பலில் சேர்ந்தேன்?" இட நெருக்கடி என்று சொன்னேன். சொன்னபோதே அது எவ்வளவு சரியான வார்த்தை என்று உறைத்தது. போனை அவர் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

பிறகு சட்டப் பிரிவு எண். இதைச் செய்தியின் கடைசி வரியில் தேடுங்கள். சட்டவிரோதமாகக் கூடுதல், ஊரடங்கை மீறுதல் என்றால் அது ஒழுங்குப் பிரச்சினை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121 என்று போட்டிருந்தால் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். 124ஏ என்றால் தேசத் துரோகம். 2012 மார்ச் 19 அன்று மாநில அமைச்சரவை உலைக்கு ஒப்புதல் தந்தது. அன்றே தடையுத்தரவும் வந்தது. கூடங்குளம் காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது அந்த இரண்டு பிரிவுகளும் பாய்ந்தன. செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். இந்த எண்கள் அடிக்கடி சட்டை மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். 124ஏவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு இருக்கிறது. இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு என்று நீளமாக.

சட்டத்தின் பிறந்த நாளையும் முடிவு நாளையும் பாருங்கள். சீனாவுடன் போர் மூண்டதால் 1962 அக்டோபரில் நெருக்கடி நிலை அறிவித்து இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள். நவம்பரிலேயே சண்டை ஓய்ந்தது. நெருக்கடி நிலை ஓயவில்லை, 1968 ஜனவரி வரை நீடித்தது. அந்த இடைவெளியில்தான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது. சீனப் படைக்காக எழுதிய விதிகளின் கீழ் மு. கருணாநிதியைக் கைது செய்து, இதோ என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. மூன்றே ஆண்டில் அதை நிரந்தரமாக்கினார்கள். பெயரைத் திருத்த மட்டும் யாருக்கும் நேரமில்லை. சில சமயம் சொல்லைத் திருத்தவும் செய்கிறார்கள். 1975 ஜூன் 25 நெருக்கடி நிலைக்குக் காரணமாகக் காட்டிய 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை 1978இல் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் நீக்கிவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது. குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு, ஆயுதத்தைக் காட்டவேண்டும்.

ஆபத்து என்றாலே பொய் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். 2008 நவம்பரில் படகில் வந்து மும்பையில் 166 பேரைக் கொன்றவர்கள் கற்பனை அல்ல. எது எது என்று பிரிக்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது, அதையும் கூடங்குளமே தந்தது. 2019 செப்டம்பர் 4 அன்று மத்திய அரசின் கணினி அவசரப் பிரிவிலிருந்து அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் போனது: உங்கள் அமைப்பில் தீங்கு நிரல் புகுந்திருக்கிறது. அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்ததும் முதல் நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல். ஒப்புதல் வந்த தொனியைக் கவனியுங்கள்: நிர்வாக வேலைக்கான ஒரு கணினிதான், உலையின் கட்டுப்பாட்டுடன் தொடர்பில்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஊடுருவல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று நடந்தபோது அந்தச் சொல் தாழ்ந்த குரலில் வந்தது. ஆகவே, ஒரே இடத்தைப் பற்றிய இரண்டு செய்திகளை எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டி, எதற்குக் குரல் உயர்ந்தது என்று பாருங்கள்.

நோட்டில் கடைசிப் பத்துப் பக்கங்களைக் காலியாக விடுங்கள். ஆபத்து அறிவிக்கப்படும்போது எட்டுப் பத்தி; கலைக்கப்படும்போது ஒற்றைப் பத்திகூட நிச்சயமில்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. அதே தீர்ப்பில், அமைதி திரும்புவதற்காகப் போராட்டக்காரர்கள் மீதுள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதி எங்கள் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டாம் பாதி ஏழாம் பக்கத் தொடர்ச்சியில், டயர் விளம்பரத்துக்கு மேலே. 2021 ஜூனில் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பில் கூடங்குளமும் இருந்தது. அதை ஒட்டியபோது டேட்லைனை வட்டமிட்டேன்: சென்னை. அதற்கு எதிர்ப்பக்கத்தை இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன், மேலே 'இடிந்தகரை' என்று மட்டும் பென்சிலில் எழுதி.