காணொளிப் பாடத்தில் ஆர்வம் தளராதிருக்க: மூளையின் போக்கை ஒட்டிய செய்முறை

இணையவழிப் படிப்பில் சேரும் பலர், முதல் வாரப் பாடங்களை உற்சாகமாகப் பார்த்துவிட்டு, சில வாரங்களிலேயே காணொளியை ஓடவிட்டுக் கைபேசியைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். ஆர்வம் தானாக வரட்டும் என்று காத்திருப்பதைவிட, அது எழுவதற்கான சூழலை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும். புள்ளியியலில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு, பற்றிய பாடத்தை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

படி 1: பார்ப்பதற்கு முன் ஊகியுங்கள்

மூன்று மாணவர்களின் மதிப்பெண்கள் 20, 50, 80. ஒவ்வொருவருக்கும் 5 மதிப்பெண் கூட்டிக் கொடுத்தால் திட்ட விலக்கம் கூடுமா, குறையுமா, மாறாதா? விடையைத் தாளில் எழுதிவிட்டுக் காணொளியைத் தொடங்குங்கள். கூடும் என்று எழுதியிருந்தால் வியப்பு காத்திருக்கிறது. சராசரி 50-லிருந்து 55 ஆகிறதே தவிர, சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் விலகியிருக்கும் தூரம் முன்போலவே 30, 0, 30 என்று இருப்பதால், திட்ட விலக்கம் ஏறத்தாழ 24.5 என்ற அளவிலேயே நிற்கிறது.

அந்த வியப்புக்கு மூளையில் ஓர் அடிப்படை உண்டு. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து செய்தி கடத்தும் நரம்பணுக்கள் மிகுதியாகத் தூண்டப்பட்டன. சாறு வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அது வரும் நேரத்தில் அந்தத் தூண்டல் எழவில்லை. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாட்டையே அவை குறித்தன. பழச்சாற்றுக்கும் பாடத்துக்கும் தூரம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 2014-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனிதர்களிடம் நடந்த மூளைப் படமெடுப்பு ஆய்விலும், விடை அறியும் ஆவல் மிகுந்த நேரத்தில் டோபமைன் சார்ந்த பகுதிகளின் செயல்பாடு கூடியிருந்தது. அந்த விடைகள் நன்றாக நினைவில் நின்றதோடு, விடைக்காகக் காத்திருந்த இடைவெளியில் காட்டப்பட்ட, அதற்குத் தொடர்பே இல்லாத முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன. ஆகவே இந்த முதல் படியை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

படி 2: காணொளியைத் துண்டாக்குங்கள்

எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. எனவே ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

படி 3: நிறுத்தியதும் பாராமல் எழுதுங்கள்

திரும்ப ஓட்டிப் பார்ப்பதைவிட இது கடினம். பயனும் அதில்தான் இருக்கிறது. ஹார்வர்டில் கார்ல் ஸ்புனார் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 21 நிமிடப் புள்ளியியல் காணொளியை நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிறு தேர்வு வைத்தனர். தேர்வு எழுதியவர்களின் மனம் அலைபாய்வது, எழுதாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவர்கள் குறிப்புகளும் அதிகம் எடுத்தார்கள். நம் பாடத்திலும் திட்ட விலக்கத்தின் வாய்பாட்டைப் பாராமல் எழுதி, 48, 50, 52 என்ற மதிப்பெண்களுக்குப் போட்டுப் பாருங்கள், மொத்த எண்ணிக்கையான 3-ஆல் வகுக்கும் வாய்பாட்டில் ஏறத்தாழ 1.63 வர வேண்டும். வராவிட்டால் பிழை நேர்ந்த வரியை வட்டமிட்டுவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் காணொளியைத் திருப்புங்கள்.

படி 4: பரிசைப் பாடத்துக்கு உள்ளேயே தேடுங்கள்

ஒரு பாடம் முடித்தால் பணம், இனிப்பு என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கோ முராயாமா குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்துக் கடிகாரத்தைச் சரியாக 5 வினாடியில் நிறுத்தும் விளையாட்டுக்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்ற பிறகு அதைத் தாமாக விளையாடுவது குறைந்தது. மூளையின் பரிசு சார்ந்த பகுதியின் செயல்பாடும் தணிந்தது. அதனால் பிள்ளையிடம் எத்தனை காணொளி முடிந்தது என்று கேட்காமல், இன்று எந்த ஊகம் தவறியது, ஏன் தவறியது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விளக்கத்திலிருந்தே நாளைய பாடத்துக்கான கேள்வியை எடுத்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.