கட்டமும் பூவும் புள்ளியும் ஒரே கட்டிலில்: படுக்கை விரிப்புகளைக் கலந்து போடும் முறை

விரிப்பும் தலையணை உறைகளும் ஒரே டிசைனில் ஒரே பொட்டலமாக விற்கப்படுவதால், வேறு வேறு டிசைன்களைச் சேர்த்துப் போட்டால் எடுப்பாக இராது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உறை கிழிந்ததும் நல்ல விரிப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. இப்படித் துணையிழந்து கிடப்பவற்றைக் கொண்டே அழகான படுக்கையை அமைக்கலாம். எல்லாத் துணிகளிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருக்க வேண்டும் என்பதும், டிசைன்கள் ஒரே அளவில் இருக்கக் கூடாது என்பதுமே இதற்கு அடிப்படை. நிறத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அளவைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் வேலையாக, இருக்கும் விரிப்பு, உறை, போர்வை அனைத்தையும் பகல் வெளிச்சத்தில் பரப்பி வையுங்கள். டியூப்லைட்டின் கீழ் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு நீலங்களில் ஒன்று சன்னலோரத்தில் பச்சை கலந்ததாகவும் மற்றொன்று ஊதா கலந்ததாகவும் தெரியக்கூடும். அப்படிப்பட்ட இரண்டை அருகருகே போடாதீர்கள்.

இரண்டாவதாக, கட்டிலின் பெரும்பரப்பை மூடும் விரிப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கட்டம் போட்ட விரிப்பையே நான் சொல்வேன். சென்னிமலையிலும் கரூரிலும் நெய்யப்படும் கட்ட விரிப்புகளில் நூலுக்கே சாயமேற்றி நெய்வதால் கோடுகள் துல்லியமாக விழுகின்றன. அந்த நேர்கோடுகள், மேலே வரும் மற்ற டிசைன்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும். வெள்ளையில் கருநீலக் கோடு, ஒவ்வொரு கட்டமும் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கரை டிசைனை நம்பி விரிப்பை வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: 72 அங்குல அகலமும் 6 அங்குலக் கனமும் உள்ள மெத்தையில் 90 அங்குல அகல விரிப்பைப் போட்டால், இருபுறமும் 9 அங்குலம் மெத்தையின் மேற்பரப்பை விட்டு இறங்கிவிடும், அதில் 3 அங்குலம் மெத்தைக்கு அடியில் செருகப்படும். ஆகவே பக்கவாட்டுக் கரையின் அழகு மேலே தெரியாது, நடுப்பகுதிதான் கண்ணில் படும்.

மூன்றாவது படி தலையணை உறைகள். விரிப்பில் 3 அங்குலக் கட்டம் இருந்தால், உறையில் ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட சிறு பூக்கள் இருக்கட்டும். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரின் மரக்கட்டை அச்சுத் துணிகள் இதற்கு மிகவும் பொருந்தும், ஏனெனில் அவற்றில் வெண்மையான பரப்பில் நுண்ணிய பூங்கொத்துகள் இடைவெளி விட்டு அமைந்திருக்கும். பூ சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை. காம்போ இலையின் ஓரமோ விரிப்பிலுள்ள அதே கருநீலத்தில் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பூவும் 3 அங்குலமாக இருந்தால், கட்டமும் பூவும் சம வலுவில் போட்டியிட, எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறும்.

நான்காவதாக, மூன்றாம் டிசைன் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் புள்ளியைச் சேருங்கள். கோடு இழுக்கும் பக்கத்துக்குப் பார்வையும் போகும்; புள்ளிக்கு அப்படித் திசை கிடையாது என்பதால் அது கட்டத்தோடும் சேரும், பூவோடும் சேரும். மடிப்பில் கிழிந்துபோன பழைய மதுரைச் சுங்கடிச் சேலை வீட்டில் இருந்தால் அதன் நல்ல பகுதியில் 18 × 28 அங்குலத் தலையணைக்கு இரண்டு உறைகள் தாராளமாகத் தைக்கலாம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்கடியாக இருந்தால் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராமல் சற்றே கலைந்திருக்கும். நேர்கோட்டுக் கட்டத்தின் மேல் அதை வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் இதம் இயந்திர அச்சில் கிடைப்பதில்லை. மூன்று டிசைன்களுக்கு மேல் வேண்டாம். கால்மாட்டில் மடித்து வைக்கும் போர்வை டிசைன் இல்லாத ஒற்றை நிறத்தில், பொதுவான நிறத்தையே கொண்டிருக்கட்டும். கட்டிலருகே தரையில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தால், அதன் அகலமான வண்ணப் பட்டைகளையும் ஒரு டிசைனாகவே கணக்கில் கொண்டு, கட்டிலிலிருந்து ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

எல்லாம் போட்ட பின் வாசற்படியில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படுக்கை முழுவதும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அடர்த்தியில் வேறுபாடு போதவில்லை என்று பொருள்; ஓர் உறையை மட்டும் அடர்நிறமாக மாற்றினால் போதும்.

துவைக்கும் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். புதுச் சிவப்பு உறையை வெள்ளைக் கட்ட விரிப்போடு ஊறப்போட்டு, விரிப்பு திட்டுத்திட்டாக ரோஸ் நிறமானதை நான் கண்டிருக்கிறேன். பிறகு எத்தனை முறை அலசியும் அது போகவில்லை. ஆகவே புதிய துணியின் உள்தையலை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், அது நிற்கும்வரை அந்த உறையைத் தனியே குளிர்ந்த நீரில் அலசி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்துங்கள்.