81 டெஸ்ட் வேண்டாம், 9 போதும். ஆனால் எப்போது 27 வேண்டும்?

ஒரு லாகின் பக்கத்தை டெஸ்ட் செய்யச் சொன்னால், பலரும் மனதில் தோன்றும் வரிசையில் பத்துப் பதினைந்து முறை உள்ளே போய்ப் பார்ப்பார்கள். அது தவறில்லை. ஆனால் எதையெல்லாம் பார்க்காமல் விட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பாதுகாப்பு விஷயத்தில் முக்கியமான கேள்வியே அதுதான். அதற்குப் பதில் சொல்லப் பெரிய கணிதம் தேவையில்லை. பிளஸ் டூ தனிநிலைக் கணிதத்தில் வரும் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்து மீதியை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கு, போதும்.

படி 1: காரணிகளை எழுதுங்கள்

நம் லாகின் பக்கத்தில் நான்கு விஷயங்கள் மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம்; இவைதான் காரணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள். அவற்றுக்கு 0, 1, 2 என்று எண் கொடுப்போம்.

அ – பிரவுசர்: குரோம் 0, ஃபயர்பாக்ஸ் 1, எட்ஜ் 2
ஆ – பயனர்: வாடிக்கையாளர் 0, ஊழியர் 1, நிர்வாகி 2
இ – இரண்டாவது சரிபார்ப்பு: எஸ்எம்எஸ் ஓடிபி 0, ஆத்தென்டிகேட்டர் ஆப் 1, எதுவும் இல்லை 2
ஈ – பாஸ்வேர்டு: நடப்பில் உள்ளது 0, காலாவதியானது 1, தற்காலிகமானது 2

தவறான பாஸ்வேர்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதைப் பார்த்ததும் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த டெஸ்டில் மற்ற மூன்று காரணிகளும் சோதிக்கப்படாமலே போகும். அதற்குத் தனி டெஸ்ட் எழுதுங்கள்.

படி 2: ஜோடிகளை எண்ணுங்கள்

எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பதென்றால் 3 × 3 × 3 × 3 = 81 டெஸ்ட். நான்கு காரணிகளோடு நின்றால் செய்துவிடலாம். பத்துக் காரணிகள் வந்தால் 59,049 ஆகிவிடும்.

அதனால் முதலில் ஜோடிகளை மட்டும் குறிவைப்போம். எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும், அவற்றின் ஒன்பது சேர்க்கைகளும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள் உண்டு; ஆகவே மொத்தம் 6 × 9 = 54 ஜோடிகள். ஒரு டெஸ்டில் 6 ஜோடிகள் அடங்கும். 54 ÷ 6 = 9. இதற்குக் குறைவாக முடியவே முடியாது. ஒன்பதில் முடியுமா என்பதுதான் கேள்வி.

படி 3: அட்டவணையைக் கட்டுங்கள்

அ, ஆ இரண்டுக்கும் ஒன்பது சேர்க்கைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம்:

இ = அ + ஆ, மட்டு 3
ஈ = அ + 2ஆ, மட்டு 3

அதாவது கூட்டி, 3-ஆல் வகுத்து, மீதியை எடுக்க வேண்டும். அ, ஆ, இ, ஈ வரிசையில் கிடைப்பது:

0 0 0 0
0 1 1 2
0 2 2 1
1 0 1 1
1 1 2 0
1 2 0 2
2 0 2 2
2 1 0 1
2 2 1 0

கடைசி இரண்டு நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள்: 00, 12, 21, 11, 20, 02, 22, 01, 10. ஒன்பதும் வந்துவிட்டன, எதுவும் இருமுறை வரவில்லை. காரணம் எளிது: ஈ-யிலிருந்து இ-யைக் கழித்தால் ஆ கிடைக்கும், ஆ தெரிந்தால் அ-வும் தெரியும். மற்ற ஜோடிகளையும் இப்படியே சரிபார்க்கலாம். எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் மீதி இரண்டும் உறுதியாகிவிடும். இந்த வகை அட்டவணைகளை 1940-களில் பொதுமைப்படுத்தி ஆராய்ந்தவர் நம் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ். அன்று நோக்கம் பரிசோதனை வடிவமைப்பு; மென்பொருள்காரர்கள் அதை எடுத்துக்கொண்டது பிற்பாடு.

படி 4: எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் என்ன நடக்க வேண்டும் என்று டெஸ்ட் ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ‘1 2 0 2’ என்றால்: ஃபயர்பாக்ஸில் நிர்வாகி, ஓடிபி கேட்டே தீர வேண்டும், உள்ளே விடுமுன் தற்காலிக பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

படி 5: விட்டுப்போனதைப் பாருங்கள்

பாதுகாப்பு டெஸ்டிங்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிர்வாகி, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை, தற்காலிக பாஸ்வேர்டு. ஒரு தாக்குபவர் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான். ஆ, இ, ஈ மூன்றும் 2. நம் அட்டவணையில் அது எங்கே? இல்லை. நிர்வாகியும் ‘எதுவும் இல்லை’யும் சேரும் ஒரே வரி ‘0 2 2 1’. அதில் பாஸ்வேர்டு காலாவதியானது.

ஜோடிகள் மட்டும் எப்போதும் போதாது என்பதையே, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் கூனும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. அவர்கள் பார்த்த பிரவுசர் பிழைகளில் சுமார் 76% ஒன்று அல்லது இரண்டு காரணிகளால் வெளிப்பட்டவை; மூன்று வரை போனால் 95%. ஆறுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும் பிழை எதுவும் அவர்களிடம் சிக்கவில்லை. ஆகவே என் கருத்து இது: திரை அமைப்பு, எழுத்துரு போன்றவற்றுக்கு ஜோடி போதும். லாகின், அனுமதி, பணம் என்றால் மூன்றுக்குக் குறையக் கூடாது.

சரி, மூன்றுக்கு எப்படிப் போவது? ஆ, இ, ஈ மூன்றின் 27 சேர்க்கைகளையும் எழுதி, அ = ஆ + இ + ஈ, மட்டு 3 என்று வையுங்கள். எந்த மூன்றைக் கொடுத்தாலும் நான்காவது தானாக வரும். மும்மைகள் மொத்தம் 4 × 27 = 108; ஒரு டெஸ்டில் 4; 27 × 4 = 108. இங்கேயும் ஒன்றுகூட வீணில்லை. நாம் தேடிய 2 2 2 இப்போது குரோமில் வந்துவிடும்.

படி 6: நிஜ உலகத்துக்குக் கருவி

மதிப்புகளின் எண்ணிக்கை எப்போதும் 3 ஆக இருக்காது. 5, 7 போன்ற பகா எண்களுக்கு இதே சூத்திரம் வேலை செய்யும். 4-க்கு மட்டு எண்கணிதம் போதாது, வேறு இயற்கணிதம் வேண்டும். 6 என்றால், நான்கு காரணிகளின் ஜோடிகளை 36 டெஸ்டில் அடக்கவே முடியாது. கணித மேதை ஆய்லர் 1782-இல் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்ததை 1901-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் டாரி நிரூபித்தார்.

இன்னொரு சிக்கல், நடக்கவே முடியாத சேர்க்கைகள். உங்கள் அமைப்பில் நிர்வாகிக்கு ஓடிபி கிடையாது என்றால் ‘1 2 0 2’ வரியை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள், அதில் இருக்கும் மற்ற ஐந்து ஜோடிகளும் கூடவே போய்விடும். இந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் பிக்ட் அல்லது நிஸ்ட்டின் ஏக்ட்ஸ் கருவியை எடுங்கள். இரண்டும் இலவசம். காரணிகள், மதிப்புகள், கட்டுப்பாடுகளை எழுதிக் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும். பிக்ட் நீங்கள் வேறெதுவும் சொல்லாவிட்டால் ஜோடிகளோடு, அதாவது 2 காரணிகளின் சேர்க்கையோடு, நின்றுவிடும். லாகின் பக்கத்துக்கு அந்த எண்ணை 3 ஆக மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.